தாளில் விட்டுப்போன உறவு

ஞாயிற்றுக்கிழமையும் சிலாஸுக்கு ஓய்வாகக் கழியவில்லை. வாரம் முழுக்க லாலாகுடா ரயில் பட்டறையில் சக்கரம் தள்ளிய தோள், கோயில் முடிந்து வந்து உட்கார்ந்த பிறகும் கடுத்துக்கொண்டே இருந்தது. இதில் மகள் பிளெசி எழுதிக் கொடுத்த லிங்காலா மொழிச் சொற்களை வேறு மனப்பாடம் செய்தாக வேண்டும். காங்கோவிலிருந்து இங்கே படிக்க வந்து, இப்போது மாதாப்பூரில் வேலை பார்க்கும் ஜோயலைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறாள். இரண்டரை மணிக்கு அவன் வீட்டார் வீடியோவில் வருகிறார்கள். அவர்கள் சரியென்றால்தான் கலியாணம்.

சிலாஸ் நாற்பது வயதுக்கு மேல்தான் எழுத்துப் படித்தவர். விரல் வைத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தார். ம்வானா, பிள்ளை. ந்தேக்கோ, கூடப்பிறந்தவர். மொனிங்கா, சிநேகிதன். பொக்கிலோ, சம்பந்தி. டாட்டா என்றால் அப்பாவாம்.

"பஸ் ஏத்திவிடற மாதிரில்ல இருக்கு" என்றார்.

"கிண்டல் பண்ணாம படிங்கப்பா."

ஜோயல் வந்து பக்கத்தில் உட்கார்ந்து போனைப் போட்டான். அங்கே நடு நாற்காலியில் தொப்பி வைத்த பெரியவர். ஜோயலுடைய அம்மாவின் அண்ணன். சிலாஸ் கைகூப்பி "பொக்கிலோ" என்றதும் அந்த வீடே சிரித்து மகிழ்ந்தது. அப்பாடா என்று முதுகைச் சாய்த்தார். அப்போது பெரியவர் ஏதோ கேட்டார். ஜோயல் தயங்கினான். பெண்ணின் நொக்கோ எங்கே என்று கேட்கிறாராம்.

அந்தச் சொல் தாளில் இல்லை. "யாரு அது?"

பிளெசி அப்பாவைப் பார்க்காமல் சொன்னாள். "தாய்மாமன். நாந்தான் எழுதல."

அவர்கள் வழக்கத்தில் தாய்மாமன் உட்காராமல் பெண்ணுக்குக் கலியாணப் பேச்சே கிடையாதாம். அடுத்த ஞாயிறு அவரோடு வாருங்கள், இல்லாவிட்டால் வேண்டாம் என்று பெரியவர் மரியாதையாகவே முடித்துக்கொண்டார். மனைவி ஜெயசுந்தரி எழுந்து உள்ளே போனாள். ஆறு வருடத்துக்கு முன் ஒரு கலியாணப் பந்தியில் அவள் தம்பி கலேப், "அத்தானுக்கு இன்னும் பர்மனென்ட் ஆகலையா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டான். சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்த சிலாஸ், அதற்குப் பிறகு அந்தப் பெயரை வீட்டில் யாரையும் எடுக்க விடவில்லை.

இப்போது அவர் செருப்பை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். மாரெட்பள்ளி மேட்டில் மிதிக்கத் தெம்பில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டே போனார்.

கலேப்தான் கதவைத் திறந்தான். தலை நரைத்திருந்தது.

"ஆறு வருஷமா எங்க இருந்தீங்க அத்தான்?"

"வேலையிலதான் இருந்தேன். இன்னும் பர்மனென்ட் ஆகல."

கலேப் தரையைப் பார்த்தான்.

"பிளெசிக்குப் பேசறாங்க. நீ வந்து உக்காந்தாத்தான் நடக்குமாம்" என்றார் சிலாஸ். அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

கலேப்பும் செருப்பை ஓரம் தள்ளிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். "எத்தன மணிக்கு வரணும்?" என்று கேட்டான்.