பறக்குற நாரைக்கு ஃபோகஸ்

ஏரிப் பூங்காவுல போட்டோகிராஃபர் வேலை காலியா இருக்குன்னு முதல்ல பாத்தது நான். மாமாகிட்ட சொன்னதும் நான்தான். மாமான்னா அக்கா புருஷன். நான் குளிர்பதனக் கிடங்குல பெட்டி தூக்குறேன், அவர் சரக்கு வேன் ஓட்டுறார். ஊரை விட்டு வந்து ஒரே ரூம், ரெண்டு பேருக்கும் ஒரே கிறுக்கு. பறவை படம் எடுக்குறது.

பறக்குற பறவை, ஒரே ஒரு படம், ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும். ரெண்டு பேரும் அனுப்புறதா இருந்தோம், யார் படம் நல்லா இருக்கோ அவங்களுக்குத்தான் வேலை. கிடைச்சா, விரல் மரத்துப்போற அந்தக் கிடங்குக்குப் பெரிய கும்பிடு போட்டுடலாம்னு இருந்தேன்.

மாமாவுக்கு ஃபோகஸ் சொல்லிக்குடுத்ததே நான்தான். உக்காந்திருக்குற பறவைக்கு சிங்கிள். ஒரு தடவை பிடிச்சா அங்கயே நின்னுடும். பறக்குறதுக்கு கன்டினியூவஸ். பறவை கூடவே ஃபோகஸும் ஓடும்.

"சிங்கிள் உன்ன மாதிரிடா, வச்ச இடத்துலயே கிடக்கும்"னு சிரிப்பார்.

ஞாயித்துக்கிழமை விடியக்காலைல ஏரிக்கரைக்குப் போனோம். வெளிச்சம் வந்ததும் நாரைங்க மொத்தமாக் கிளம்பும். விட்டா அன்னைக்கு அவ்வளவுதான். நான் ரூம்லயே கேமராவைக் கன்டினியூவஸ்ல செட் பண்ணிட்டு வந்திருந்தேன்.

"லென்ஸ்ல பனி பூத்திருக்குடா. குடு, துடைச்சுத் தரேன்."

நான் ஷூ லேஸ் கட்டுறதுக்குள்ள துடைச்சுக் குடுத்துட்டார். எவ்ளோ அக்கறைன்னு நினைச்சேன்.

நாரைங்க நேரா எங்க பக்கம் வந்துச்சு. ஃபோகஸ் பிடிச்சதுக்கு அடையாளமா பச்சைக் கட்டம் எரிஞ்சுது. விரலை எடுக்காம அழுத்தினேன். கட்டம் பறவை கூட நகருதான்னு அந்த அவசரத்துல யார் பாத்தா? கேமரா பின்னாடி இருக்குற சின்ன ஸ்க்ரீன்ல எல்லாமே பளிச்சுன்னு இருந்துச்சு.

ரூமுக்கு வந்து லேப்டாப்ல போட்டேன். எல்லாம் மங்கல். முதல் படம் மட்டும் தெளிவு. அதுல நாரை கொசு சைஸ்ல இருக்கு.

"என்னடா இப்படி ஆயிடுச்சு"ன்னு மாமா உச்சு கொட்டினார். அப்புறம் அவர் படங்களைத் திருப்பிக் காட்டினார். "எதை அனுப்பட்டும்? உன் கண்ணுதான் கண்ணு."

அவர் அனுப்ப எடுத்து வச்சதுல இறக்கை ஜோரா இருந்துச்சு, ஆனா பறவையோட கண்ணு தெளிவா இல்ல. "அது வேணாம் மாமா, இதை அனுப்புங்க"ன்னு நல்லதை நானே எடுத்துக் குடுத்தேன். அனுப்பிட்டார்.

பேட்டரியைக் கழட்டலாம்னு கேமராவை எடுத்தப்பதான் பாத்தேன். சிங்கிள்ல இருக்கு.

"மாமா, இதை நீங்க மாத்துனீங்களா?"

"துடைக்கும்போது கை பட்டிருக்கும்டா."

என் கேமராவுல பக்கவாட்டுல இருக்குற பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே, மேல இருக்குற சக்கரத்தைத் திருப்பணும். அப்பதான் மாறும். கை பட்டு மாறாது. அதையும் அவருக்கு நான்தான் காட்டிக் குடுத்தேன். இப்ப மறுபடியும் செஞ்சு காட்டினேன். அவர் கேமராவைப் பாக்கல, ஜன்னலைப் பாத்தார்.

"உனக்கு வயசிருக்கு. இது இல்லன்னா இன்னொண்ணு. எனக்கு முதுகு போச்சுடா, இன்னும் எத்தன நாள் வேன் ஓட்டுறது?"

"கேட்டிருந்தா விட்டுக் குடுத்திருப்பேனே மாமா."

"குடுத்திருப்பியா?"

குடுத்திருப்பேனான்னு எனக்கும் தெரியல. ஆனா கேட்டிருக்கலாம்ல?

அந்த நேரம் பாத்து அக்கா ஃபோன் பண்ணா. "சொல்லிடாதடா"ன்னு மாமா கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்களே பேசுங்க"ன்னு ஸ்பீக்கர்ல போட்டு அவர் கைல குடுத்தேன். உண்மைய அவர் வாயாலயே சொல்லுவார்னு நம்பினேன் பாருங்க, அப்பவும்.

"என் படத்தை அனுப்பியாச்சும்மா. தம்பியோடதுதான் சரியா வரல. பாவம், குளிர்ல கை நடுங்கிடுச்சு."

"ஐயோ, ஸ்வெட்டர் போட்டுட்டுப் போகலையா அவன்?"

ஃபோனைப் பிடுங்கினேன்.

"என் கை நடுங்கலக்கா."

"என்னடா ஆச்சு? என்ன ஆச்சு அங்க?"ன்னு அக்கா கேட்டுட்டே இருந்தா.