நாலு வயசுக்குத் தோதான டப்பா

வாயைப் பிளந்து படுத்திருப்பவனிடம் கேள்வி கேட்பது பல் டாக்டர்களின் பரம்பரை வழக்கம். என் கடைவாய்ப் பல்லைப் பாதி வேர் வரை துளைத்துவிட்டு எங்கள் டாக்டர் கேட்டார்: "ஞாயித்துக்கிழமை என்ன பண்றீங்க?"

வாயில் ஒரு குழாய், இரண்டு பஞ்சு, அவருடைய மூன்று விரல். "ஆ" என்றேன்.

"ஃப்ரீயா? பிரமாதம்! பசங்களுக்கு முதல் ஸ்லாட் கார் செட் வாங்கணும்னு வீட்டம்மா போன தடவை சொன்னாங்களே. ஞாயித்துக்கிழமை கடைக்கு வந்துடுங்க. நானே பார்த்துத் தரேன். அங்க இருக்கிற கிளப்புக்கு நான்தான் தலைவர்."

"ஆஆ!" என்றேன். அது மறுப்பு. அவர் அதை ஆனந்தம் என்று எடுத்துக்கொண்டார்.

மிச்ச வேருக்குத் திங்கட்கிழமை காலை பத்து மணி என்று எழுதிக் கொடுத்தார். கையில் துளைப்பான் வைத்திருப்பவரை முந்தின நாள் பகைத்துக்கொள்கிற அளவுக்கு நான் வீரன் இல்லை. லிஃப்ட் மெக்கானிக். அவ்வளவுதான்.

ஸ்லாட் கார் தெரியாதவர்களுக்கு: பிளாஸ்டிக் பாதையின் நடுவே ஒரு பள்ளம் ஓடும். காரின் வயிற்றில் ஒரு முளை. முளை பள்ளத்தில் இறங்கும், கையில் இருக்கும் விசையை அமுக்கினால் கார் பறக்கும். ஆசைப்பட்டு அதிகமாக அமுக்கினால் வளைவில் கார் தூக்கி எறியப்படும். வாழ்க்கைத் தத்துவம் என்று டாக்டர் சொல்வார். எனக்கு அது வெறும் பொம்மை.

என் மனைவி நர்ஸ். ஞாயிறும் டியூட்டி. ஒரு மாதம் அலசி ஆராய்ந்து, ஒரே ஒரு செட்டைத் தேர்ந்தெடுத்து, சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தாள். சின்ன வட்டப் பாதை. குழந்தை கைக்குச் சுலபமான பெரிய விசை. வேகத்தைக் கட்டிப்போட ஒரு பூட்டு. தடுமாறினாலும் விழாத குட்டிக் கார் இரண்டு. நாலு வயசுக்கு மேல். சிவப்பு டப்பா. கீழே இரண்டு கோடு போட்டு, 'பெரிய செட் வேண்டவே வேண்டாம். டாக்டர் பேச்சைக் கேக்காதீங்க.'

"போன பிறந்தநாளுக்கு நீங்க வாங்கின ஹெலிகாப்டர் எங்க இருக்கு?" என்று வாசலில் கேட்டாள்.

"பக்கத்து வீட்டு மாடியில."

"இதுவாவது வீட்டுக்குள்ள வரட்டும். ரெண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்திருக்கேன். சொதப்பிடாதீங்க."

ஆறு வயது மகளையும் நாலு வயது மகனையும் கூட்டிக்கொண்டு கடைக்குள் நுழைந்தபோது செட் கண்ணெதிரே இருந்தது. அடித்தட்டில், சிவப்பு டப்பா, மூடியில் சிரிக்கிற கார். மகன் அதன் முன்னால் மண்டியிட்டு, "அப்பா, இது என்னைப் பார்த்துச் சிரிக்குது" என்றான். எடுத்தோம், வந்தோம் என்று முடிந்திருக்க வேண்டிய காரியம்.

"அது கடைசி பீஸ் சார். அடுத்த லோடு வர ரெண்டு மாசம் ஆகும்" என்றார் கடைக்காரர். "ரேஸ் முடிஞ்சதும் பில் போட்டுடலாம். நானும் ஓட்டறேன், பாருங்க." சொல்லிவிட்டுக் கல்லாவைப் பூட்டிக்கொண்டு ஓடினார்.

கடையின் பின்பாதி முழுக்க ஒரு மேஜை. மேஜை என்றால் நெஞ்சு உயரத்துக்கு, சுவரிலிருந்து சுவர் வரை, ஆறு பள்ளம் ஓடும் பாதை. நடுவில் ஆள் நிற்க ஒரு பொந்து. சுற்றிலும் ஆறு பேர், கையில் விசை, மார்பில் எம்பிராய்டரி செய்த பெயர்ப்பட்டை. மத்தியஸ்தம் செய்து பாதி ஊரைப் பிரித்துவைத்த வக்கீல் ஒருவர், கட்டைவிரலளவு காரின் டயரை எச்சில் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க வாங்க!" டாக்டர் என் தோளை அணைத்தார். "எங்க மார்ஷலுக்கு அம்மை போட்டுடுச்சு. ஒரு அஞ்சு நிமிஷம் உள்ள நில்லுங்க. விழுற காரை எடுத்துப் பள்ளத்துல வைக்கணும், அவ்வளவுதான்."

"டாக்டர், பசங்க..."

"பல்லு எப்படி இருக்கு?" என்றார் கரிசனமாக.

நான் பொந்துக்குள் போனேன். பாதையின் ஒரு துண்டைக் கதவுபோலத் தூக்கி என்னை உள்ளே விட்டு, மறுபடி இறக்கி, அடியில் தாழ்ப்பாள் போட்டார்கள். மேஜைக்குக் கீழே நாலு பக்கமும் பலகை அடித்த அலமாரி. டாக்டர் கழுத்தில் தொங்கிய சாவியை மின்பெட்டியில் செருகித் திருகினார். "பாதையில் மின்சாரம் பாய்ந்துவிட்டது! நூறு சுற்று!" என்று அறிவித்தார், ஏதோ அணைக்கட்டைத் திறந்துவைக்கிறவர் மாதிரி.

"நூறா? அஞ்சு நிமிஷம்னீங்க?"

"மார்ஷல் போட்டியாளர்களிடம் பேசக்கூடாது" என்றார் வக்கீல். "விதி பதினொண்ணு."

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் "பதறாதீங்க, மூச்சை இழுத்து விடுங்க" என்று வெளியிலிருந்து கத்துவது என் பிழைப்பு. உள்ளேயிருந்து கேட்டால் அது எவ்வளவு கேவலமான யோசனை என்று அன்றுதான் புரிந்தது. இடம் இரண்டு அடிக்கு மூன்று அடி. ஆறு கார்கள் என் நெஞ்சைச் சுற்றிச் சீறின. ஒன்று கவிழும், எடுத்து வைப்பேன். வைப்பதற்குள் இன்னொன்று. "மார்ஷல், தூங்கறீங்களா?" என்பார் கடைக்காரர். "மார்ஷல், அது என் கார் இல்ல, பச்சை!" என்பார் வக்கீல்.

இருபதாவது சுற்றில் கடைக்கு மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மா வந்தார். நேராக அடித்தட்டுக்குப் போனார். குனிந்தார். "அக்கா பொண்ணுக்கு அஞ்சு வயசு, இது தோதா இருக்கும்ல?" என்று யாரையும் கேட்காமல் கேட்டார்.

அது கடைசி பீஸ். மேஜை விளிம்புக்கு மேல் என் மக்களின் உச்சந்தலை மட்டும்தான் தெரிந்தது.

"பாப்பா!" என்று கத்தினேன். "சிவப்பு டப்பா மேல ரெண்டு பேரும் உட்காருங்க! அப்பா வர்ற வரைக்கும் யார் சொன்னாலும் எந்திரிக்கக் கூடாது!"

இரண்டு உச்சந்தலையும் கீழே இறங்கி மறைந்தன. நிம்மதி. அந்தம்மா சற்றுத் திகைத்து நிமிர்ந்தார். வேறு தட்டைப் பார்க்கிற மாதிரி நடித்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

இருபத்தெட்டாவது சுற்று.

"அப்பா!" மகளின் குரல். கடை முழுக்கக் கேட்டது. "தம்பிக்கு ஒண்ணுக்கு வருதாம்!"

"டாக்டர், ஒரு நிமிஷம் நிறுத்துங்க."

"எழுபத்திரண்டு சுற்றுதான் பாக்கி" என்றார் டாக்டர், கண்ணை எடுக்காமல். "நடுவில் நிறுத்தினால் இதுவரை ஓடினது செல்லாது. சரித்திரத்திலேயே நாங்க நிறுத்தினதில்ல."

"கிளப்பு ஆரம்பிச்சு எத்தனை வருஷமாச்சு?"

"வர்ற மாசம் ஒண்ணு."

நான் தாழ்ப்பாளைத் தேடிக் கையை அடியில் விட்டேன். அது வெளிப்பக்கம் இருந்தது. குனிந்த தலையை உரசிக்கொண்டு ஒரு கார் போனது.

"அடக்கிக்கோடா கண்ணு!"

"அடக்கிட்டுத்தான் இருக்கேன்!" என்றான், அழுகை எட்டிப் பார்க்கும் குரலில்.

அப்போது கண்ணாடிக்காரம்மா விளிம்புக்கு மேல் முகத்தைக் காட்டினார். "நான் வேணா கூட்டிட்டுப் போய்ட்டு வரட்டுமா சார்? பின்னாடிதான் இருக்கு. இவன் அக்காவும் கூட வரட்டும்."

ஆகா, என்ன சாமர்த்தியம்! குழந்தைகளை எழுப்பிவிட்டு டப்பாவைத் தட்டிக்கொண்டு போகிற திட்டம். இருபது வருஷம் லிஃப்ட் பார்த்தவன், எனக்கா தெரியாது.

"வேண்டாம்மா, ரொம்ப நன்றி. அவன் இருப்பான்."

"சின்னப் பிள்ளை சார்..."

"அவனுக்குப் பழக்கம்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். டாக்டர் முதன்முறையாக என்னை மெச்சினார். "இதுதான் மார்ஷலுக்கு வேண்டிய மனஉறுதி."

முப்பத்தொன்பது. நாற்பத்தாறு. வக்கீலின் கார் என் பாக்கெட்டுக்குள் பாய்ந்தது. எடுத்து வைத்தேன். ஐம்பத்திரண்டாவது சுற்றில் மகள் மறுபடி பேசினாள். இந்த முறை கத்தவில்லை. செய்தி வாசிப்பவள்போல நிதானமாகச் சொன்னாள்.

"அப்பா. போயிட்டான்."

"எங்க போயிட்டான்?"

"டப்பா மேலதான்."

கடைக்காரரின் கை விசையை முழுசாக அமுக்கிவிட்டது. அவருடைய கார் மேஜையைத் தாண்டிச் சுவரில் மோதியது. டாக்டர் சாவியைத் திருகினார். சரித்திரத்தில் முதல் முறையாகப் போட்டி நின்றது. என் மகனின் மூத்திரத்துக்காக அல்ல. கடைக்காரரின் சரக்குக்காக.

கதவைத் தூக்கியதும் ஓடினேன். ஓடும்போதே மனசு ஒரு கணக்குப் போட்டது: நனைந்தால் என்ன? நனைந்த டப்பாவை அந்தம்மா தொடமாட்டார். உள்ளே எல்லாம் பிளாஸ்டிக், துடைத்தால் போச்சு. செட் நமக்குத்தான்.

பிள்ளைகள் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யார் சொல்லியும் எழுந்திருக்கவில்லை. அவர்களுக்குக் கீழே இருந்தது சிவப்பு டப்பாதான். கட்டில் அகலம். மூடியில் கார் சிரிக்கவில்லை, முறைத்தது. ஒன்பது மீட்டர் பாதை, மேம்பாலம், கம்ப்யூட்டர் விசை. மூலையில், ஈரத்துக்கு நடுவே பளபளவென்று '14 வயதுக்கு மேல்'.

"இது மேல ஏன்டா?"

"அந்தச் சின்ன டப்பாவுல ரெண்டு பேருக்கும் இடம் பத்தலப்பா" என்றாள் மகள். "நீங்க ரெண்டு பேரும் உட்காரச் சொன்னீங்க."

டாக்டர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா! குழந்தைங்களுக்கே தெரியுது எது நல்ல செட்டுன்னு. நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன்."

"டாக்டர், இது..."

"நனைஞ்ச சரக்கை நான் வேற யாருக்கு விக்கிறது சார்?" என்று கடைக்காரர் பில் புத்தகத்தைத் திறந்தார். வக்கீல் பக்கத்தில் வந்து நின்றார். சும்மா நின்றார்.

மகனைப் பின்பக்கம் கூட்டிப்போய்க் கழுவி, என் சட்டையை அவனுக்கு இடுப்பில் கட்டி, பனியனோடு வந்தபோது, கண்ணாடிக்காரம்மா சின்னச் செட்டுக்குப் பணம் கொடுத்து முடித்திருந்தார். சிரிக்கிற கார் அவர் அக்குளிலிருந்து எங்களைப் பார்த்தது.

"நாந்தான் கூட்டிட்டுப் போறேன்னேனே சார்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. பிறகு குனிந்து மகனின் கன்னத்தைத் தட்டினார். "பரவாயில்லடா. என் அக்கா பொண்ணும் இப்படித்தான்."

அவர் போய்விட்டார். பாலிதீன் சுற்றிய டப்பாவை டாக்டரும் நானும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்தோம். நடைபாதையில் இறக்கியதும் மகன் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு, "கிளப்புல உங்களைச் சேர்த்துட்டேன். அடுத்த ஞாயிறு ஒன்பது மணி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். இந்தத் தடவை என் வாயில் பஞ்சு இல்லை, குழாய் இல்லை. ஆனாலும் "ஆ" என்றுதான் வந்தது.

மகள் டப்பாவின் மூலையை உற்றுப் பார்த்தாள். எண்களைப் படிக்க இப்போதுதான் கற்றிருக்கிறாள்.

"பதினாலுன்னா என்னப்பா?"

"பதினாலு வயசானா ஓட்டலாம்."

அவள் விரலை மடக்கி எண்ணினாள். ஒரு கை போதவில்லை. அடுத்த கையையும் எடுத்தாள்.

"எனக்கு எட்டு வருஷம். தம்பிக்குப் பத்து" என்றாள். அப்புறம் அவன் பக்கம் திரும்பி, அம்மா சொல்கிற அதே குரலில் சொன்னாள்: "இறங்குடா. இனிமே அது மேல உட்கார வேண்டாம்."

அவன் இறங்கவில்லை. அப்பா இன்னும் எழுந்திருக்கச் சொல்லவில்லையே என்றான்.