நாற்பது வீட்டு ஆணம்

சென்னையிலிருந்து புரொபசர் எழுதிய கடிதத்தைப் படித்திருந்தால் வேறு யாரானாலும் துள்ளிக் குதித்திருப்பார்கள். ஸ்ரீரங்கத்து வேதாந்தமோ தன் கணக்கு நோட்டைத் தேடி எடுத்தான்.

டாக்டர் பட்டத்துக்காக, பாலக்கரையில் சுருட்டுச் சுற்றும் நாற்பது முஸ்லிம் குடும்பங்களின் வரவு செலவை அவன் ஆராய்ந்துகொண்டிருந்தான். 'மாதம் பதினைந்து ரூபாயில் தினம் இரண்டு வேளை இறைச்சி சாப்பிடுகிறார்கள் என்றால், இந்தக் கூலியே போதும் என்றுதானே அர்த்தம்? உங்கள் அட்டவணையைத் திங்கட்கிழமை கூலிக் கமிட்டிக்கு அனுப்புகிறேன்' என்று எழுதியிருந்தார் புரொபசர்.

பதினைந்து ரூபாயில் எப்படி முடியும்? கூட்டலைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். பிழையில்லை. அப்படியானால் பிழை தன்னிடம்தான் என்று தோன்றியது. சைக்கிளை எடுத்துக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டி, முதன்முதலில் கேள்வி கேட்ட அப்துல் சலாம் வீட்டுக்கே போனான்.

அடுப்படியில் இருந்த அவர் மனைவி ஷரபுன்னிசா அவன் குரல் கேட்டதும் சட்டியை மூடினாள்.

"அக்கா, வாரத்துக்கு எத்தனை சேர் இறைச்சி வாங்குவீங்க?"

"வாரத்துக்கா? பெருநாளைக்கு வாங்குவோம் தம்பி."

"தினம் ரெண்டு வேளை ஆணம்னு சொன்னீங்களே?"

"ஆமா. சோத்துக்கு ஆணம் ஊத்தாம எப்படித் திங்கிறது? புளியைக் கரைச்சு ஊத்தினாலும் ஆணம்தான்."

வேதாந்தத்துக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆணம் என்றால் வெறும் குழம்பு; அதை இறைச்சி என்று நாற்பது வீட்டுக்கும் எழுதி வைத்திருந்தான்.

சுருட்டுக்கு இலை நறுக்கிக்கொண்டிருந்த அப்துல் சலாம் சிரித்துவிட்டார். "ஏன் அய்யங்காரே, இத்தனை நாள் வந்தீங்க, ஒரு சட்டியையாவது எட்டிப் பாக்கலையா?"

"கவிச்சியா இருக்குமோன்னு நான் செவுத்துப் பக்கமே திரும்பி உக்காந்துட்டேன்."

"நீங்க மொகத்தைத் திருப்புறதைப் பாத்துதான் நான் மூடி வெச்சேன்," என்றாள் ஷரபுன்னிசா. "பக்கத்து வீட்லயும் சொல்லி வெச்சேன். படிக்கிற புள்ளைக்கு வாடை ஒத்துக்காதுன்னு."

அவன் அடுப்பைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்தான். "இப்போ பாக்கலாமா?" என்று கேட்டான்.

அவள் தயங்கினாள். "இன்னிக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றபடியே சட்டியை மூடியிருந்த தட்டை எடுத்தாள். புளித்தண்ணீரில் இரண்டு கத்திரிக்காய் கிடந்தன. அவ்வளவுதான்.

"எங்காத்துல ரசத்துக்குச் சாத்தமுதுன்னு பேர். இதுவும் கிட்டத்தட்ட அதுதான்."

"அமுதா? தண்ணிக்கு எம்மாம் பெரிய பேரு."

மூன்று பேரும் சிரித்தார்கள். அவன் நோட்டில் 'இறைச்சி' என்ற பத்தியை அடித்தான். அட்டவணையை அனுப்ப வேண்டாம் என்று காலையில் புரொபசருக்குத் தந்தி கொடுக்க வேண்டும். அத்தியாயம் முழுக்கத் தப்பு. பட்டம் ஒரு வருஷம் தள்ளிப் போகலாம். கிடைக்காமலே கூடப் போகலாம். அதையும் எண்ணிப் பார்த்துவிட்டு, பென்சிலைச் சீவினான்.

"இன்னும் முப்பத்தொம்பது வீடு இருக்கு பாய்."

அப்துல் சலாம் சட்டையை மாட்டினார். "வாங்க, நான் கேக்குறேன். நீங்க கேட்டா இன்னும் எதை எதை எழுதி வெப்பீங்களோ."