எட்டுக் கட்டிலும் ஒரு பெயர்க்கல்லும்

புதிய சிறுவர் விடுதியில் எட்டுக் கட்டில்கள் இருந்தன. எட்டிலும் பெயர் இருந்தது. பிள்ளைதான் இல்லை.

தலைமாட்டுத் தகட்டில் நீலப் பெயின்ரால் எழுதியிருந்தார்கள்: உபயம், புத்தூர் ச. சண்முகநாதன், லண்டன். அதே வாசகம் எட்டு மேசைகளிலும் இருந்தது. இரண்டு வருடமாக மின்சாரம் இல்லாத ஊரில் தொங்கிய நான்கு மின்விசிறிகளின் இறக்கைகளிலும் இருந்தது. விசிறி சுற்றாததில் ஒரு நன்மை, பெயரை ஆறுதலாக வாசிக்கலாம். மலச்சட்டிகளையும் விட்டுவைக்கவில்லை. அவற்றில் மட்டும் அடிப்பக்கத்தில் எழுதியிருந்தார்கள். மரியாதை கருதி.

கதவில் பூட்டு. பூட்டின் திறப்பு தியாகராசா மாஸ்டரின் இடுப்பில். அவர் ஓய்வுபெற்ற அதிபர், அந்தச் சிறிய ஆஸ்பத்திரியை நடத்திய ஊர்ச் சபையின் தலைவர்.

பிள்ளைகள் பதினொரு பேரும் பழைய கட்டடத்து விறாந்தையில் பாயில் கிடந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டவள் மிஸி அற்புதராணி. தாதியை அங்கே எல்லோரும் மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். குருநகரில் செல் குண்டுகள் விழத் தொடங்கியபோது உடுத்த சீலையோடு வெளிக்கிட்டு வந்த கத்தோலிக்கப் பெண். வந்த மறுநாளே வேலை கிடைத்தது. சம்பளம் கிடைப்பது வேறு விஷயம்.

அது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, புரட்டாதிக் கடைசி. ஒரு மழை பெய்து விறாந்தை ஒரு தரம் நனைந்தாயிற்று. சுவரோரப் பாயில் இராசாத்தி என்பவளின் மகள் யசிந்தா கிடந்தாள். மூன்று வயது, சளிச்சுரம். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் ஏதோ கொதிப்பதுபோலச் சத்தம். வாரத்தில் இரண்டு நாள் சைக்கிளில் வரும் டொக்டர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "மருந்து இல்லை எண்டு உங்களுக்கும் தெரியும். நிலத்திலை மட்டும் போடாதேங்கோ. இன்னொரு மழை ஈரம் இந்தப் பிள்ளை தாங்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அற்புதராணி மாஸ்டரிடம் போனாள்.

"மாஸ்டர், திறப்பைத் தாங்கோ."

"கல் வரட்டும், மிஸி."

"கல்லோ பிள்ளையளைப் பாக்கப் போகுது?"

"உப்பிடிக் கதையாதேங்கோ." மாஸ்டர் கடிதத்தை எடுத்தார். அதை அவர் பலதடவை வாசித்திருந்தார். மடிப்பு கிழிந்துபோயிருந்தது. சண்முகநாதனுக்கு ஒக்டோபர் இருபத்தொன்றாம் தேதி எழுபது வயது. அன்று பெயர்க்கல்லைத் திரைநீக்கம் செய்ய வேண்டும். அதுவரை கட்டிலில் ஒருவரும் படுக்கக் கூடாது, விரிப்புக் கசங்கினால் படத்தில் தெரியும். படம் லண்டனுக்கு வந்து பிறந்தநாள் மலரில் அச்சான பிறகு மருந்துப் பெட்டிகள் புறப்படும்.

"மருந்தெல்லோ மிஸி. அவசரப்பட்டு அதையும் கெடுக்கிறதோ?"

மருந்து வேண்டும்தான்.

"படத்துக்குப் பிள்ளையளும் பாத்து வைச்சிட்டன்" என்றார் மாஸ்டர். "உடுவிலிலை என்ரை மருமகள் படிப்பிக்கிற பிள்ளையள், எட்டுப் பேர். நல்ல கொழுகொழு எண்டு இருப்பினம்."

"வருத்தக்காரப் பிள்ளையள் இஞ்சையே இருக்கினமே."

"அவையள் படத்திலை எடுபடாயினம். சவண்டு போய்த் தெரிவினம். ஆஸ்பத்திரிக்குக் கூடாத பேர்."

கல் வரவில்லை. கொழும்பில் வெட்டுவித்த வெள்ளை மாபிள். தெற்கே ஒரு இராணுவச் சோதனைச் சாவடியில் அதை இறக்கி, தட்டிப் பார்த்து, கட்டடப் பொருள் என்று முடிவு செய்து வைத்துக்கொண்டார்கள். பெயர் வெட்டிய கல்லால் பதுங்குகுழி கட்டலாம் என்று யாரோ பயந்திருக்க வேண்டும்.

செய்தி வந்த அன்று மாஸ்டர் சாப்பிடவில்லை. கல் இல்லாவிட்டால் விழா இல்லை. விழா இல்லாவிட்டால் அடுத்த பிறந்தநாள்.

"இணுவிலிலை இன்னாசித்தம்பி அண்ணை இருக்கிறார்" என்றாள் அற்புதராணி. "எங்கடை ஊர். கல்லு வெட்டுவார். அவரிட்டை ஒரு பலகைக் கல்லும் கிடக்கு."

"என்ன கல்லு?"

"நல்ல கருங்கல்லு."

"என்னத்துக்கு வெட்டின கல்லு?"

அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "சேமக்காலைக்கு."

மாஸ்டரின் முகம் சுருங்கியது. "பிரேதம் புதைக்கிற இடத்துக் கல்லை ஒரு சைவ மனிசன்ரை பேருக்கோ?"

"போடேல்லை, மாஸ்டர். வெட்டினதோடை சரி. செத்துப்போன வள்ளச் சம்மாட்டி நீக்கிலாப்பிள்ளைக்கு வெட்டினது. காசு குடுத்த ஆக்கள் வள்ளமேறி இந்தியாவுக்குப் போட்டினம். மற்றப் பக்கம் வெறும் பக்கம். வெட்டின பக்கம் சுவருக்குள்ளை போயிடும். ஆருக்குத் தெரியும்?"

மாஸ்டர் வானத்தைப் பார்த்தார். அது இருண்டிருந்தது. பிறகு கடிதத்தைப் பார்த்தார். "சிலுவை ஒண்டும் வரக்கூடாது" என்றார்.

வாசகம் எழுதச் சபை இரண்டு நாள் கூடியது. முதல் வரைவில் அறுபத்தொரு சொல் வந்தது. கல்லில் இருபது சொல்லுக்குத்தான் இடம் என்று இன்னாசித்தம்பி சொல்லியனுப்பியிருந்தார். கொடையாளியின் பெயரை வெட்டி நீக்க முடியாது. அவருடைய தகப்பனின் பெயரை வெட்ட முடியாது, அவர் காலமானவர். சபைத் தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்களை வெட்ட முடியாது, அவர்கள் எதிரே இருந்தார்கள். எழுபதாவது பிறந்தநாள் என்ற நீண்ட வரியை எடுத்துவிட்டுப் பிறந்த தேதியை மட்டும் போடலாம் என்று முடிவாயிற்று. அப்போதும் ஒரு சொல் மிஞ்சியது. மாஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, 'சிறுவர் விடுதி' என்பதில் 'சிறுவர்' என்ற சொல்லைக் கோடிட்டார். உள்ளே போனால் தெரியும்தானே என்றார்.

விழாவுக்கு முதல்நாள் பின்னேரம் அற்புதராணி கல்லைப் பார்க்க இணுவிலுக்குப் போனாள். ஒரு தோட்டக்காரர் தம்முடைய வைக்கோல் கொட்டிலை இன்னாசித்தம்பிக்குக் கொடுத்திருந்தார். கோயில் ஊர், சிலுவை மட்டும் வெட்டக்கூடாது என்று கேட்டுக்கொண்டிருந்தார். கிழவர் அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். இரண்டு வருடமாக அவரிடம் அம்மிதான் வந்தது, கொத்துவதற்கு.

கல் சுவரில் சாய்ந்திருந்தது. எழுத்துகள் அழகு. நாற்பது வருடம் இறந்தவர்களுக்கு வெட்டிய கை, ஒருவரும் குறை சொன்னதில்லை.

அவள் வாசித்தாள். கடைசி வரியில் கண் நின்றது. இடப்பக்கம்: தோற்றம், 21.10.1922. வலப்பக்கம்: மறைவு. அதற்குக் கீழே, மினுக்கிய வெறும் இடம்.

"அண்ணை, உது என்ன?"

"எது?"

"மறைவு எண்டு."

"பிறந்த தேதி தந்தவை. மற்றத் தேதி தரேல்லை. அப்ப ஆள் உசிரோடை இருக்கிறார் எண்டுதானே கருத்து?" இன்னாசித்தம்பி பொறுமையாக விளக்கினார். "பெண்சாதி முந்திச் செத்தால் புருசன்ரை பேரையும் சேத்து வெட்டி, தேதிக்கு இடம் விடுறனாங்கள். பிறகு வந்து வெட்டிக் குடுக்கிறது. அதுக்குக் காசு எடுக்கிறேல்லை. சைவ ஆக்கள் எண்டபடியால் பிறப்பு, இறப்பு எண்டு போடேல்லை. தோற்றம், மறைவு. அவையின்ரை முறை அது."

"உதை அழிக்கலாமோ?"

"அந்தப் பக்கம் முழுக்கத் தேய்ச்சு, திரும்பக் கோடு பிடிக்க வேணும். நாலு நாள் செல்லும். ஏன், பிழையோ?"

கூரையில் இரண்டு துளி விழுந்த சத்தம் கேட்டது. அற்புதராணி யசிந்தாவின் நெஞ்சை நினைத்தாள். விரிப்புக் கசங்காத எட்டுக் கட்டில்களை நினைத்தாள்.

"இல்லை, அண்ணை. சரியாய்த்தான் இருக்கு. சாக்குத் துணியாலை சுத்தி விடுங்கோ."

மாட்டுவண்டி கல்லைக் காலையில் கொண்டுவந்தது. அற்புதராணி முன்னால் நின்று, சாக்கை அவிழ்த்து வாசல் சுவரில் பதிப்பதற்கும் சிவப்புத் திரை போடுவதற்கும் இடையே ஒருவருக்கும் வாசிக்க நேரம் கொடுக்கவில்லை. மாஸ்டர் பேச்சை மனனம் செய்துகொண்டிருந்தார்.

திரையை நீக்க வந்தவர் குணலட்சுமி, கொடையாளியின் ஒரே தங்கை. கறுத்த கரைப் பட்டுச் சேலை, கையில் குடை. உடுவில் பிள்ளைகள் எட்டுப் பேரும் தாய்மாருடன் வந்திருந்தார்கள். படம் பிடிப்பவரிடம் ஃபிலிமில் இரண்டே படம் மிச்சம். ஒன்று கல்லுக்கு, ஒன்று கட்டிலுக்கு.

மாஸ்டர் நாற்பது நிமிடம் பேசினார். வள்ளன்மை பற்றி, விளம்பரம் விரும்பாத உள்ளம் பற்றி. விறாந்தையில் பிள்ளைகள் இருமினார்கள். ஒலிபெருக்கி இல்லாததால் இருமல்தான் தெளிவாகக் கேட்டது.

குணலட்சுமி கயிற்றை இழுத்தார். திரை விலகியது. அவர் கண்ணாடி போட்டு ஆறுதலாக வாசித்தார். தகப்பனின் பெயரில் கண் கலங்கினார். அண்ணனின் பெயரில் சிரித்தார். கடைசி வரிக்கு வந்தார்.

குடை கீழே விழுந்தது.

"என்ரை அண்ணை... என்னட்டை மறைச்சுப் போட்டியளே."

கல்லைக் கட்டிப் பிடித்தார். படம் பிடிப்பவர் கடமை தவறாதவர். பிடித்தார்.

"குணலட்சுமி, உம்மடை அண்ணை உசிரோடை இருக்கிறார்" என்றார் மாஸ்டர். அவர் அப்போதுதான் கல்லை வாசித்திருந்தார்.

"கடைசிக் கடிதம் எப்ப வந்தது உமக்கு?"

"ஆடியிலை."

"இப்ப ஐப்பசி."

"இது கல்லு வெட்டினவன்ரை பிழை."

"கல்லிலை ஆரும் பிழையாய் வெட்டுவினமோ? விழா குழம்பும் எண்டு மறைச்சனீர். தேதி தெரிஞ்சால் சாவுத் துடக்கெண்டு நான் வரமாட்டன் எண்டுதானே தேதியை விட்டனீர்?"

மாஸ்டர் மறுக்க மறுக்க அது உறுதியாயிற்று. ஊரில் சாவுச் செய்தியை அப்படித்தான் சொல்வார்கள், இல்லை இல்லை என்று. கூட்டத்துப் பெண்கள் இரண்டு பேர் குணலட்சுமியைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து அழுதார்கள். ஆண்கள் சால்வையைத் தோளிலிருந்து இறக்கினார்கள். உடுவில் தாய்மார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். செத்தவீட்டில் பிள்ளைகளை நிற்க விடுவதில்லை. கொழுத்த பிள்ளைகள் எட்டுப் பேரும் வீட்டுக்கு முழுகப் போனார்கள். பலகாரத் தட்டைத் தொடுவார் இல்லை.

மழை தொடங்கியது.

மாஸ்டர் அற்புதராணியின் பக்கம் திரும்பினார். "மிஸி, நீங்களாவது சொல்லுங்கோவன். நீங்கள் வேதக்காரி, உங்கடை சொல்லை நம்புவா."

குணலட்சுமியும் திரும்பிப் பார்த்தார்.

அற்புதராணி பொய் சொல்ல விரும்பவில்லை. உண்மையில் தேவையான அளவை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"அம்மா, மழை வந்திட்டுது. பிள்ளையள் விறாந்தையிலை நனையினம். அண்ணை தந்த கட்டில் எட்டும் பூட்டிக் கிடக்கு."

குணலட்சுமி கண்ணைத் துடைத்தார். "ஏன் பூட்டிக் கிடக்கு?"

மாஸ்டரின் கை இடுப்புத் திறப்பை மூடியது.

"திறவுங்கோ. இப்பவே எல்லாரையும் கொண்டுபோய்க் கிடத்துங்கோ. அண்ணைன்ரை ஆத்துமாவுக்கு அதைவிட வேறை என்ன வேணும்?"

"படம்..." என்றார் மாஸ்டர்.

"இப்பவும் உமக்குப் படமோ?"

மாஸ்டர் இடுப்பிலிருந்து திறப்பை எடுத்தார். அற்புதராணி அதைக் கையிலிருந்து பறித்ததாகப் பிறகு அவர் சொன்னார். அது பொய். விரலைத்தான் விரித்தாள்.

யசிந்தாவை முதல் கட்டிலில் போட்டாள். எட்டுக் கட்டிலில் பதினொரு பேர், சின்னவர்கள் இரண்டிரண்டாக. பலகாரம் அவர்களுக்குப் போயிற்று. விரிப்புகள் கால்மணி நேரத்தில் கசங்கின. கடைசி ஃபிலிம் அதில் முடிந்தது.

முப்பத்தோராம் நாள் குணலட்சுமி விடுதிப் பிள்ளைகளுக்குச் சர்க்கரைப் பொங்கலும் வடையும் கொண்டுவந்து கொடுத்தார். உயிரோடிருப்பவருக்கு அந்தியேட்டி செய்யக்கூடாது என்று மாஸ்டர் சொல்லிப் பார்த்தார். தை பிறந்து லண்டனிலிருந்து அண்ணனின் கையெழுத்தோடு கடிதம் வந்தபோதுதான் அந்த அம்மாள் நம்பினார். சந்தோஷப்பட்டார், கொஞ்சம் சங்கடமும் பட்டார்.

மாஸ்டருக்கும் ஒரு கடிதம் வந்தது. படங்கள் கிடைத்தனவாம். தங்கச்சி ஆனந்தக் கண்ணீரோடு கல்லைத் தழுவிய காட்சியை மலரின் அட்டையில் போட்டார்களாம். அந்தப் படத்தில் குணலட்சுமியின் கை 'மறைவு' என்ற சொல்லைச் சரியாக மறைத்திருந்தது. கட்டில் படத்தில் பிள்ளைகள் மெலிவாக இருந்தது மிகவும் நன்றாம், லண்டனில் பலர் கண் கலங்கினார்களாம். மருந்துப் பெட்டிகள் புறப்பட்டுவிட்டன. ஒரு சின்ன வேண்டுகோள்: கல்லின் வலப்பக்கக் கீழ்மூலை வெறுமையாகத் தெரிகிறது. மலர் வெளியீட்டில் தமக்குக் கிடைத்த 'கொடைவள்ளல்' பட்டத்தை அங்கே வெட்டலாம்.

மாஸ்டர் இணுவிலுக்கு ஆள் அனுப்பினார். இன்னாசித்தம்பி மறுத்துவிட்டார். "அது தேதிக்கு விட்ட இடம். வேறை ஒண்டும் வெட்டமாட்டன். காலம் வரேக்குள்ளை சொல்லுங்கோ, வாறன்."

மாசியில் இராசாத்தி மகளைக் காட்டக் கூட்டிவந்தாள். யசிந்தாவின் நெஞ்சில் சத்தம் இல்லை. சத்தம் முழுவதும் வாயில் இருந்தது. வாசலில் தாய் கல்லுக்கு முன்னால் நின்றாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

"இவரோ மிஸி கட்டில் தந்தவர்?"

"ஓம்."

"பாவம். எப்ப செத்துப் போனவர்?"

"இன்னும் இல்லை."

இராசாத்தி அதைக் காதில் வாங்கவில்லை. இந்த மாதிரிக் கல்லை அவள் சேமக்காலையில் நிறையப் பார்த்திருக்கிறாள். மகளின் கையைப் பிடித்துச் சிலுவை போடவைத்து, தானும் போட்டு, அந்த ஆத்துமாவுக்காக ஒரு பரலோக மந்திரம் முழுவதும் சொன்னாள்.

அற்புதராணி தடுக்கவில்லை. கல்லின் மற்றப் பக்கத்தில் சம்மாட்டி நீக்கிலாப்பிள்ளை இருந்தார். மந்திரம் வீண்போகாது.