தென்றல் திட்டம் என்று ஒன்று இல்லை

1

இந்தக் கதை நான் யோசித்தது இல்லை, எட்டிப் பார்த்தது. ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் காத்திருந்தபோது, கூட்ட அறையின் கண்ணாடிக் கதவில் ‘தென்றல் திட்டம்: ஆலோசனை நடக்கிறது’ என்று ஒட்டியிருந்தது. உள்ளே ஒரே ஒரு பெண், ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு நுழைவுத் தேர்வுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘அதிகாலைக் குளிரில் கண் விழித்து அவள்...’ (அடித்துவிட்டேன். அதிகாலையில் மாமியாருக்கு மருந்து, மகளுக்குப் பின்னல், பிறகு பேருந்து. அவளாவது, படிப்பதாவது!) மேற்படிப்புக்கு இதுதான் கடைசி வாய்ப்பு, அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும். ஆகவே அலுவலகப் பொது நாட்காட்டியில் தினமும் காலையில் அந்த அறையைப் பிடித்துவைத்தாள். காரணம் எழுத வேண்டிய கட்டத்தில், இல்லாத ஒரு திட்டத்தின் பெயரைப் போட்டாள்.

ஒருவர்கூடவா விசாரிக்கவில்லை? நானும் சந்தேகப்பட்டேன். ஆனால் அந்த அலுவலகத்தில் ‘அது என்ன?’ என்று கேட்டால், விஷயம் தெரியாதவர் என்று பெயர் வந்துவிடும்.

3

நாட்காட்டியில் தினமும் தென்றலைப் பார்த்த மேலாளர், ஒருநாள் எல்லோரையும் கூட்டிவிட்டார். அவள் கதவைத் திறந்தால் உள்ளே ஆறு பேர்.

“வாங்கம்மா, உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்கோம். தென்றல் எந்த அளவுல இருக்கு?”

அவள் கணக்குப் புத்தகத்தைப் பைக்குள் தள்ளினாள். (உண்மையைச் சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்திருந்தேன்.) அதற்குள் கணக்குப் பிரிவுக்காரர் முந்திக்கொண்டார்: “எங்க பக்கம் பாதி முடிஞ்சிடுச்சு சார்.”

“எங்க பக்கம் முக்கால்வாசி,” என்றாள் அவளுடைய பக்கத்து மேசைக்காரி.

என்னது! சத்தியமாக இதை நான் எழுதவில்லை.

“பிரமாதம்! சனிக்கிழமை தலைமை அலுவலகத்துலேர்ந்து வர்றாங்க. நீங்கதான் விளக்கணும்.”

“சார், அன்னிக்கு எனக்குப் பரீட்சை. மேற்படிப்புக்கு...”

“பரீட்சையா? நல்லா இருக்கே! நீங்க போயிட்டா தென்றலை யாரும்மா பாக்கறது?”

4

முதல் முடிவு: தேர்வைக் கைவிட்டு அவள்... (எழுதக் கை வரவில்லை.)

இரண்டாவது: ‘அப்படி ஒரு திட்டமே இல்லை சார்.’ சொன்னால் சனிக்கிழமை அவளுடையது. ஆனால் திங்கட்கிழமை வேலை இருக்காது. வேலை இல்லாவிட்டால் படிப்புக்குக் கட்டணம் ஏது? பாதி முடித்தவரும் முக்கால்வாசி முடித்தவளும் கூடவே மாட்டுவார்கள். இருவரும் வெளிறிப்போய் அவளைப் பார்க்கிறார்கள். அப்படி ஒரு திட்டம் இல்லை என்று அவர்களுக்கும் தெரியும்.

அவள் வாயைத் திறந்துவிட்டாள். அதில் எந்த வார்த்தையை வைப்பது? நான் வீட்டிலிருந்து எழுதுகிறவன், எனக்கு மேலாளர் கிடையாது. நீங்கள் சம்பளம் வாங்குகிறவர், நீங்களே சொல்லுங்கள்.