கூடமாட ஒத்தாசை

முப்பத்தொரு நாள். அதில் யாருக்கும் சண்டை இல்லை. கொழுந்தனின் உருளைக்கிழங்குக் காட்டில் முப்பத்தொரு நாள் குனிந்து வேலை செய்ததாக அண்ணிக்காரி சொன்னாள். கொழுந்தனும் ஆமாம் என்றான். அவனுடைய வக்கீல் அதை எழுதியே கொடுத்துவிட்டார். வழக்கமாகக் கோர்ட்டில் எண்ணிக்கைக்குத்தான் அடிதடி நடக்கும். இங்கே எண்ணிக்கை எல்லோருக்கும் மனப்பாடம். அந்த முப்பத்தொரு நாளைக் கடன் என்று சொல்வதா, சும்மா செய்தது என்று சொல்வதா என்பதுதான் பதினோரு மாதமாக நடக்கும் தகராறு.

அண்ணன் தம்பி இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் நிலம். பாகம் பிரித்த நாளிலிருந்து ஒரே ஏற்பாடு: இன்றைக்கு உன் காட்டில் நாங்கள், நாளைக்கு எங்கள் காட்டில் நீங்கள். மாத்தாள் வேலை என்பார்கள். காசு கை மாறாது, ஆள்தான் மாறும். அண்ணனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு ஆறு வருஷமாகிறது. வரப்பில் நின்று கையை நீட்டிக் காட்டுவதோடு அவர் வேலை முடிந்தது. அதனால் இந்தப் பக்கத்து ஆள் என்றால் அது அண்ணிக்காரி ஒருத்திதான். போன பருவத்தில் விதைக்கிழங்கு நறுக்க, நட, களை எடுக்க, மண் அணைக்க என்று அவள் கொழுந்தன் காட்டுக்கு விடாமல் போனாள். அவள் காட்டில் கிழங்கு தோண்டும்போது அவனும் அவன் வீட்டு ஆட்களும் வந்து அதைத் தீர்க்க வேண்டியது.

சரியாக அந்தச் சமயம் பார்த்து அவன் கிழங்கு தோண்டும் மெஷின் வாங்கினான். டிராக்டருக்குப் பின்னால் மாட்டி இழுத்தால் ஒரே நாளில் காடு முழுக்கக் கிழங்கு மேலே வந்து கிடக்கும். தன் காட்டை முடித்துவிட்டு வீட்டில் போய்க் காலை நீட்டிப் படுத்துக்கொண்டான். அண்ணிக்காரி போய்க் கேட்டாள்.

"இனிமே எனக்கு ஆளே வேண்டியதில்லையே அண்ணி. அப்புறம் என்ன மாத்தாள்? மெஷின் வேணும்னா சொல்லுங்க. மணிக்கு இவ்வளவுன்னு வாடகை. சொந்தக்காரங்களுக்குக் கொஞ்சம் குறைச்சுக்கலாம்" என்றான்.

இனி அவனுக்கு ஆள் தேவையில்லையாம், அதனால் ஏற்கனவே வாங்கிய வேலைக்கும் பதில் கிடையாதாம். யார் காதில் பூ சுற்றுகிறான்? வாடகைக்கு வழியில்லாமல் அவள் தனியாகவே தோண்ட ஆரம்பித்தாள். ஐந்தாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. பாதிக் கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிற்று. ஜன்னலைச் சாத்தினாலும் அந்த நாற்றம் வீட்டுக்குள் வந்தது. நாற்றம் தொடங்கிய மூன்றாம் நாள் அவள் வக்கீலைத் தேடிப் போய்விட்டாள்.

அவளுக்குக் கிடைத்த வக்கீலுக்கு வருஷம் முழுக்க ஜலதோஷம். மூக்கைச் சிந்திக்கொண்டே ஒளிக்காமல் பேசினார்.

"வேலைக்கு வேலைன்னு கோர்ட்டு உத்தரவு போடாதும்மா. ஆளைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து குனிய வைக்க எந்தச் சட்டத்துலயும் இடமில்ல. முப்பத்தொரு நாள் கூலின்னு கேப்போம். ஆனா ஒண்ணு. ஏற்பாடு பேசுனது அண்ணனும் தம்பியும். உங்க வீட்டுக்காரர் கூண்டுல ஏறி, 'ஆமா, திருப்பிச் செய்யறதாதான் பேச்சு'ன்னு ஒரு வார்த்தை சொல்லணும். அது இருந்தா எல்லாம் இருக்கு. அது இல்லேன்னா ஒண்ணும் இல்ல."

அந்த ஒரு வார்த்தைக்காக அவள் புருஷனைப் பதினோரு மாதம் கெஞ்சினாள், திட்டினாள், பேசாமல் இருந்து பார்த்தாள். "தம்பிகிட்டயே என் பொண்டாட்டி கூலி கேட்டு நிக்கிறான்னா நாலு பேர் என்ன பேசுவாங்க?" என்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே பதில். விசாரணை நாளன்று காலையில்தான், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "சரிடி, உள்ளதைச் சொல்லிடுறேன், போதுமா? சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்ல நான் என்ன அவ்வளவு கேடுகெட்டவனா?" என்றார். அவள் நம்பினாள். அதுதான் அவள் செய்த முட்டாள்தனம்.

கோர்ட்டு ஹால் சின்னது. மேலே விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை 'டக்' என்றது. நாடா போட்டுக் கட்டிய காகிதக் கட்டுகள் அலமாரிக்குள் அடங்காமல் ஜன்னல் திண்டில் ஏறி உட்கார்ந்து வெளிச்சத்தை மறைத்தன. சாட்சிக் கூண்டின் கைப்பிடி மட்டும் பளபளவென்று இருந்தது. எத்தனை பேர் வியர்த்த கையால் பிடித்ததோ. அண்ணிக்காரி அதைத் தொடாமலே நின்றாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் மீசைக்கு மை அடித்திருந்தார். வரும்போதே பல்லெல்லாம் சிரிப்பு.

"வீட்டுல சமையல் நீங்கதானேம்மா?"

"ஆமா."

"அதுக்கு வீட்டுக்காரர்கிட்ட கூலி வாங்குறீங்களா?"

பின் பெஞ்சில் சிரிப்பு. கொழுந்தன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான்.

"இல்ல" என்றாள் அவள். "அது என் வீட்டு அடுப்பு. நானும்தான் சாப்பிடுறேன். இவன் காட்டுல விளைஞ்ச கிழங்குல எனக்கு ஒரு கூடை வந்துச்சா? கேட்டுச் சொல்லுங்க."

நீதிபதி அம்மாவின் பேனா நின்றது. கண்ணாடிக்கு மேலாக ஒரு தடவை அண்ணிக்காரியைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதினார். மை மீசையின் சிரிப்பு பாதியோடு நின்றது. ஜலதோஷ வக்கீல் கைக்குட்டைக்குள் இருமினார். அது சந்தோஷ இருமல் என்று அவளுக்குத் தெரிந்தது.

அடுத்து கொழுந்தன் ஏறினான். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "அண்ணி எனக்கு அம்மா மாதிரிங்க. அம்மா செய்யறதுக்குப் பிள்ளை விலை பேசுவானா? எங்களுக்குள்ள யாரோ மூட்டி விட்டுட்டாங்க" என்றான். கண்ணைத் துடைக்கவும் செய்தான். கண் என்னவோ காய்ந்துதான் கிடந்தது.

"அம்மாவுக்கா மணிக் கணக்குல வாடகை சொன்னே?" என்று அண்ணிக்காரி இருந்த இடத்திலிருந்தே கத்தினாள். நீதிபதி மேஜையைத் தட்டினார். இன்னொரு தடவை வாயைத் திறந்தால் வெளியே போக வேண்டியிருக்கும் என்றார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பரவாயில்லை, இனி தான் பேச வேண்டியதில்லை, பேச வேண்டியவர் பேசுவார் என்று நினைத்தாள்.

புருஷன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கூண்டில் ஏறினார். உள்ளதைத்தான் சொல்வேன் என்று சொன்னார். ஜலதோஷ வக்கீல் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"உங்க சம்சாரம் தம்பி காட்டுல செஞ்ச வேலைக்கு, தம்பி உங்க காட்டுல திருப்பிச் செய்யணும்னு நீங்க ரெண்டு பேரும் பேசி வெச்சிருந்தீங்களா?"

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தான். பின் பெஞ்சில் தெரிந்த முகங்கள் நாலைந்து இருந்தன. அவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். மனைவியை மட்டும் பார்க்கவில்லை.

"அப்படியெல்லாம் கறாரா ஒண்ணும் பேசலைங்க. அண்ணன் தம்பிக்குள்ள என்னங்க பேச்சு? இவ போனா, கூடமாட ஒத்தாசை பண்ணா. அவ்வளவுதான்."

விசிறி 'டக்' என்றது. ஜலதோஷ வக்கீல் கைக்குட்டையை மடித்துப் பையில் போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார். நீதிபதி அம்மா விடவில்லை.

"உங்க நிலத்துலயும் இவங்கதான் வேலை பாக்குறாங்களா?"

"ஆமாங்க. எனக்கு இடுப்பு சரியில்ல."

"கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்?"

"இருபத்தாறுங்க."

"அந்த வேலைக்கு என்ன சொல்வீங்க?"

அவருக்கு அந்தக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது. சிரித்தேவிட்டார். "பொண்டாட்டிங்க அவ. அதெல்லாம் வேலையா? அதுவும் ஒத்தாசைதான்."

நீதிபதி அவரைச் சற்று அதிக நேரமே பார்த்தார். ஆனால் பார்வையைத் தீர்ப்பில் எழுத முடியாதே. திருப்பிச் செய்வதாகவோ கூலி தருவதாகவோ ஏற்பாடு இருந்தது நிரூபிக்கப்படவில்லை, குடும்பத்துக்குள் நடந்த உதவி, வழக்கு தள்ளுபடி என்று அன்று மாலையே படித்துவிட்டார். கொழுந்தன் வாசலில் நின்று அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினான். அண்ணனும் குலுக்கினார். அண்ணிக்காரிக்குத் தோற்றதுகூடப் பெரிதாகப் படவில்லை. கொழுந்தன் விழுங்கியது முப்பத்தொரு நாள். இந்த மனுஷன் சிரித்துக்கொண்டே இருபத்தாறு வருஷத்தை விழுங்கிவிட்டார், ஏப்பம்கூட வரவில்லை.

பஸ்ஸில் அவள் வேறு சீட்டில் உட்கார்ந்தாள்.

இந்த வருஷக் கிழங்கும் முற்றிவிட்டிருந்தது. மேற்கே நாலு நாளாக மேகம் ஏறி ஏறி இறங்கியது. மறுநாள் காலை புருஷன் வரப்பு வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அவள் வாசல் படியில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"காட்டுக்குப் போகலையா? மழை வந்துடும்போல இருக்கே."

"ஒத்தாசை பண்ண இன்னைக்கு மனசில்லைங்க."

அவர் கத்தினார், கதவை உதைத்தார், சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து போனார். அவள் அசையவில்லை. தம்பியிடம் ஓடினார். மெஷின் வேறு ஊருக்கு வாடகைக்குப் போயிருப்பதாகத் தம்பி கையை விரித்தான். கடைசியில் வேறு வழியில்லாமல், கூலி ஆள் கூட்டி வரும் மேஸ்திரி அக்காவுக்குப் போன் போட்டுப் பன்னிரண்டு பெண்களுக்குச் சொல்லி வைத்தார். அடுத்த பருவ விதைக்கு முன்பணமாகக் கொடுத்து வைத்திருந்த பணத்தைத் திரும்ப வாங்கி வந்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு வேன் வந்து காட்டோரம் நின்றது. ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். அவர் எண்ணிக்கொண்டே வந்தார். பன்னிரண்டாவதாக, தலையில் துணி கட்டி, கையில் கிழங்கு தோண்டும் கொத்தோடு இறங்கியது அவர் பெண்டாட்டி. விடியுமுன்னே எழுந்து அடுத்த தெருவுக்குப் போய் வேனில் ஏறியிருக்கிறாள்.

"நீ எங்கடி இதுல?" அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஒரு ஆள் குறைஞ்சுதுங்க. வரேன்னு சொன்னாங்க, சேத்துக்கிட்டேன்" என்றாள் மேஸ்திரி அக்கா. அவளுக்குக் கோர்ட்டுக் கதை தெரியாமல் இருக்குமா? சிரிப்பை அடக்க வெற்று வாயையே மென்றுகொண்டிருந்தாள்.

"எந்தப் பக்கம் முதல்ல தோண்டணும்?" என்று பெண்கள் கேட்டார்கள். அண்ணிக்காரி வாயைத் திறக்கவில்லை. புருஷன் கிழக்கே கையை நீட்டினார், பிறகு மேற்கே நீட்டினார். எது முந்தி நட்டது, எங்கே தண்ணீர் தேங்கும், எந்தச் சால் கிழங்குக்குத் தோல் இன்னும் முற்றவில்லை, அவருக்கு ஒன்றும் தெரியாது. இந்தப் பயிரில் ஒரு செடியைக்கூட அவர் தொட்டதில்லை. மெதுவாக அவள் பக்கத்தில் வந்தார்.

"எங்கேருந்து ஆரம்பிக்கிறது? சொல்லேன்."

"கூலிக்கு வந்தவகிட்ட கேட்டா? நிலம் உங்களுது. உங்களுக்குத் தெரியாதா?"

வேறு யாரோவாக இருந்தால் அவளுக்குப் பாவமாக இருந்திருக்கும். இன்றைக்குக் கோபம் மட்டும்தான் இருந்தது, அதுவும் இறங்குவதாக இல்லை. அவர் குத்துமதிப்பாகக் கிழக்கைக் காட்டினார். கிழக்கு மேடு, பள்ளம் மேற்கே. மழை வந்தால் முதலில் அழுகுவது மேற்குதான். அது தெரிந்தும் அவள் கிழக்கே போய்க் குனிந்தாள். தன் கையால் நட்ட கிழங்கு ஒன்றுகூடக் காயம் படாமல் எடுத்தாள். எந்தக் காட்டுக்குப் போனாலும் அவள் வேலை அப்படித்தான்.

சாயங்காலம் பாதிக் காடு முடிந்திருந்தது. பெண்கள் கை கழுவிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். அவர் நோட்டை எண்ணி எண்ணிக் கொடுத்துக்கொண்டு வந்தார். பதினோராவது ஆள் முடிந்ததும் மிச்சத்தைப் பைக்குள் வைத்தார்.

"இன்னும் ஒருத்தங்க இருக்காங்க" என்றாள் மேஸ்திரி அக்கா.

"அதை வீட்டுல பாத்துக்குறோம்."

"வீட்டுல வேண்டாம்" என்றாள் அண்ணிக்காரி. "இங்க குடுங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். பதினோரு பெண்களும் கிளம்பாமல் நின்றார்கள். பையிலிருந்து எடுத்து, ஒரு தடவை தப்பாக எண்ணி, மறுபடி எண்ணி, அவள் கையில் வைத்தார். மற்றவர்கள் எண்ணாமல் முந்தானையில் முடிந்துகொண்டார்கள். அவள் நின்று நிதானமாக எண்ணினாள்.

மேற்கே இடி உருண்டது. அவர் அந்தப் பக்கம் பார்த்தார், தோண்டாத பாதியைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"நாளைக்கு வருவியா?"

இருபத்தாறு வருஷத்தில் இந்தக் கேள்வியை அவர் அவளிடம் கேட்டதே இல்லை. அவள் பணத்தை மடித்து இடுப்பில் செருகினாள்.

"மேஸ்திரிகிட்ட சொல்லி வைங்க" என்றாள். வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தும், மற்ற பெண்களோடு போய் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.