இரும்புத்தாடைக்குத் தைலம்

காய்ச்சல் வந்த மூன்றாம் நாள், குத்துச்சண்டை வீரன் இரும்புத்தாடைக்கு மூக்கு சுத்தமாக அடைத்துக்கொண்டது. வாயைத் திறந்து மூச்சுவிட்டால் ஒரே குத்தில் தாடை கழன்றுவிடும். போட்டியோ அன்று மாலை. மனைவி ஆவி பிடிக்க வைத்தாள், பூண்டைக் கடிக்க வைத்தாள், கடைசியில் உடைமாற்றும் அறையிலேயே நெஞ்சு முழுக்க யூகலிப்டஸ் தைலத்தை அப்பினாள்.

"இதுக்கும் அடங்கலேன்னா அது சளியே இல்லைங்க."

மூக்கு மசியவில்லை. உடம்பில் எதையும் பூசிக்கொண்டு மேடை ஏறக்கூடாது என்பது விதி; ஆனால் நடுவருக்கும் அதே சளி என்பதால் தைல வாசனை அவருக்குத் தெரியவில்லை.

முதல் சுற்றில் இரும்புத்தாடையின் கடைவாய்ப்பல் ஒன்று கயிற்றைத் தாண்டிப் பறந்தது. இரண்டாம் சுற்றில் அவன் எதிராளியின் புருவத்தைக் கிழித்தான். "செத்தேடா இன்னிக்கு!" என்று எதிராளி பாய்ந்து குத்த, கீழே விழாமலிருக்க இரும்புத்தாடை அவனையே கட்டிக்கொண்டான். கிழிந்த புருவம் தைல நெஞ்சில் நன்றாகத் தேய்ந்தது.

"ஐயோ, கண்ணு!"

எதிராளியின் இரு கைகளும் முகத்துக்குப் போயின. இரும்புத்தாடை விலாவில் நிதானமாகக் குத்தினான். எலும்பு முறிந்த சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. எதிராளி சுருண்டு விழ, நடுவர் இரும்புத்தாடையின் கையைத் தூக்கிவிட்டுத் தும்மினார்.

மனைவி ஓடிவந்தாள். "தைலம் வேலை செஞ்சுதாங்க?"

"பிரமாதமா செஞ்சுது," என்றான் அவன், வாயால் மூச்சு வாங்கியபடி. "எனக்கில்ல, அவனுக்கு."